கன்டோன்: நோட்டீஸ் போர்டில் தொங்கும் ஒரு வினைச்சொல்



மலருக்குக் கவிதை எழுத நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. அதனால் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க்குழுவில் சொன்னேன். "ஒரு வார்த்தைக்கு நாலு பக்கமாடா?" என்று சிரித்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நம்மில் பாதிப் பேர் செமஸ்டர் முடிகிற சமயத்தில் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம். நாலு பக்கம் ஒன்றும் அதிகமில்லை.

அந்தச் சொல் 'கன்டோன்'. இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. 'கண்டனேஷன்' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். ஷார்ட்டேஜ் லிஸ்ட் ஒட்டியாச்சு, கண்டனேஷன் ஃபார்ம் வாங்கணும், கண்டனேஷன் ஃபீஸ் கட்டணும், ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கணும்... ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த ரெண்டாவது மாசமே இது காதில் விழுந்துவிடுகிறது. ஆனால் அர்த்தம் என்ன? எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் 'அபராதம்' என்றான். இன்னொருவன் 'கண்டனம் தெரிவிக்கிறது' என்றான். மூன்றாமவன் 'லீவுக்குப் பதிலாக் காசு' என்றான். கடைசி பெஞ்ச்சில் இருந்தவன், "டொனேஷன் மாதிரி ஏதோ ஒண்ணு, விடுடா" என்றான். நாலு பதிலில் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் போனது கடைசி பெஞ்ச்தான். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கண்டனத்தை ஒதுக்கி வைப்போம். கண்டனம் வேறு, கண்டனேஷன் வேறு. கண்டனம் என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அரசியல் கட்சிகள் அறிக்கை விடுகிறபோது எழுதுவது அது. அதற்கு ஆங்கிலத்தில் 'கண்டெம்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்டெம் நம் நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் ரொம்ப நாளாகக் குடியிருக்கிறது. "இந்த ஆக்ஸில் கண்டம் ஆயிப்போச்சு, தூக்கிப் போடு" என்று மேஸ்திரி சொல்கிறாரே, அந்தக் கண்டம் ஜாதகத்தில் வருகிற கண்டம் அல்ல, இங்கிலீஷ் கண்டெம்தான். இனி பயன்படாது என்று தீர்ப்புச் சொல்லி ஒதுக்குவது. கன்டோன் இதற்கு நேர் எதிர். குறை இருக்கிறது, இருந்தாலும் ஒதுக்காமல் ஏற்றுக்கொள்வது. ஒலியில் ரெண்டும் பங்காளி மாதிரி இருக்கும். பொருளில் வடக்கும் தெற்கும். 'கண்டோலன்ஸ்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, அது துக்கம் விசாரிப்பது. ஒரு சீனியர் அண்ணன் ஆபீஸில் போய் "கண்டோலன்ஸ் ஃபார்ம் கொடுங்க சார்" என்று கேட்டதாக ஹாஸ்டலில் ஒரு கதை உலவுகிறது. நம்பலாமா தெரியாது, ஆனால் நன்றாக இருக்கிறது.

உச்சரிப்பும் சொல்லிவிடுகிறேன். வினைச்சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில், கன்-டோன். பெயர்ச்சொல்லில் 'நேஷன்' என்கிற இடத்தில் அழுத்தம், கான்-டொ-னே-ஷன். நாம் சொல்கிற கண்டனேஷனில் நடுவில் உள்ள 'டொ' தேய்ந்து 'ட' ஆகிவிட்டது. வாயால் சொல்கிறபோது பரவாயில்லை. எழுதுகிறபோது அந்த இடத்தில் 'ஓ' என்ற எழுத்தைப் போடுங்கள்.

இந்தச் சொல்லை நான் தேட வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் அப்பா கொடிக்காலில் வெற்றிலை பறிக்கப் போகிறவர். அகத்தி மரத்தில் கொடி ஏறி நிற்கும், ஏணி சாத்தித்தான் மேல் இலையைப் பறிக்க வேண்டும். போன செமஸ்டரில் மழை பெய்த மறுநாள் காலை ஏணி வழுக்கி அப்பா கீழே விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும். அம்மா கூலிக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. தங்கச்சி பத்தாவது. அதனால் நான் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும், தோட்டக்காரரிடம் அப்பா வாங்கியிருந்த முன்பணம் கழிய வேண்டும் என்று சில வாரம் நானே ஏணி ஏறினேன். வேலூரில் 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. இலையைப் பறித்து, தரம் பிரித்து, கவுளி அடுக்கி, சுமை கட்டி முடிக்கிறபோது பத்து மணி ஆகிவிடும். அப்போது பஸ் பிடித்தால் மூன்றாவது பீரியடுக்குத்தான் போக முடியும். மொத்தத்தில் ஷார்ட்டேஜ் லிஸ்ட்டில் என் பெயர் வந்தது. ஒன்பது நாள் குறைவு.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் ஃபார்மைக் கொண்டுபோய், "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா" என்றேன். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "என்ன கண்ணு இது?" என்றார்.

"கண்டனேஷன்பா. குறைஞ்ச நாளுக்கு மன்னிச்சு பரீட்சைக்கு விடச் சொல்லி எழுதிக் கேக்கோணும்."

அப்பா ரொம்ப நேரம் ஃபார்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நா உழுந்ததுக்கு நீ எதுக்குச் சாமி மன்னிப்புக் கேக்கோணும்? நீ என்ன களவாண்டியா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்த பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதியில் இந்தச் சொல்லுக்கு 'மன்னி' என்று ஒரே ஒரு சொல்தான் போட்டிருந்தது. மன்னிப்பு என்றால் தப்புச் செய்தவன் கேட்பது. நான் செய்தது தப்பு என்று எழுதி, அப்பா அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான். கையெழுத்துப் போடாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். இன்னொரு ஆறு மாசம் படி என்று சொல்கிற நிலைமையில் எங்கள் வீடு இல்லை. "பேசாம லோடு வண்டிக்குக் கிளீனராப் போயிரு" என்று பக்கத்து வீட்டு மாமா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

மறுநாள் இங்கிலீஷ் மேடத்திடம் போனேன். ஹாஸ்டலில் சீனியர்கள் வழிவழியாகக் கொடுத்துவருகிற மாதிரிக் கடிதத்தின் ஜெராக்ஸ் கையில் இருந்தது. அதில் 'ஐ பெக் யூ டு கைண்ட்லி கன்டோன் மீ' என்று இருந்தது. மேடம் சிவப்புப் பேனாவை எடுத்து 'மீ' என்ற ரெண்டு எழுத்தை மட்டும் அடித்தார். "தம்பி, இந்த வெர்புக்கு ஆளே ஆப்ஜெக்ட்டா வரமாட்டான்" என்றார்.

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று படியுங்கள்.

கன்டோன் செயப்படுபொருள் கேட்கிற வினை. 'எதை?' என்று கேட்டால் பதில் வர வேண்டும். அந்தப் பதில் எப்போதும் ஒரு செயலாக, குறையாக, தாமதமாக இருக்கும். மனிதனாக இருக்காது. 'கன்டோன் தி டிலே' சரி. 'கன்டோன் தி ஷார்ட்டேஜ்' சரி. 'கன்டோன் மை அப்சென்ஸ்' சரி. 'கன்டோன் மீ' தப்பு, 'கன்டோன் தி ஸ்டூடன்ட்' தப்பு. செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான். 'தி டிலே வாஸ் கன்டோன்டு' என்றால் சரி, 'ஹீ வாஸ் கன்டோன்டு' என்றால் தப்பு. அடுத்தது, நடுவில் 'ஃபார்' வராது. 'கன்டோன் ஃபார் தி டிலே' என்று எழுதுகிறவர்கள் 'தாமதத்துக்காக மன்னி' என்று தமிழில் நினைத்து எழுதுகிறார்கள். இன்னொன்று, எழுவாய் யார்? விதியைத் தளர்த்த அதிகாரம் உள்ளவர். பிரின்சிபால் கன்டோன் செய்யலாம், கோர்ட் கன்டோன் செய்யலாம். 'ஐ கன்டோன் மை லேட் கமிங்' என்று நாமே எழுதிக்கொள்ள முடியாது, முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நாம் ஏன் 'மீ' போடுகிறோம்? தமிழில் 'மன்னி' ரெண்டு பக்கமும் பாயும். 'என்னை மன்னியுங்கள்' என்கிறோம், 'என் பிழையை மன்னியுங்கள்' என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'எக்ஸ்க்யூஸ்', 'பார்டன்', 'ஃபர்கிவ்' மூன்றும் அப்படித்தான், ஆளையும் ஏற்கும், பிழையையும் ஏற்கும். கன்டோன் மட்டும் பிழையோடு நின்றுகொள்ளும். ஆகவே இதற்கு 'மன்னி' என்று பொருள் எழுதுகிற அகராதி பொருளைத் தருகிறது, இலக்கணத்தைத் தருவதில்லை.

இதற்குச் சரியான தமிழ்ச்சொல் இல்லையா என்று நான் யோசித்தபோது அம்மிச்சி வாயிலிருந்து தானாக வந்தது. கோயிலில் கும்பிடுகிறபோது அம்மிச்சி, "குத்தங்குறையப் பொறுத்துக்கோ ஆத்தா" என்பார். அட, இதுதானே அது! பொறுப்பது குற்றம் குறையை. 'என்னைப் பொறுத்துக்கொள்' என்று சொன்னால் அர்த்தமே வேறாகிவிடும், இவன் தொல்லை தாங்கலை என்று ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகைக்காரர்களும் மேடைப் பேச்சாளர்களும் 'பிழை பொறுத்தருள்க' என்று எழுதுகிறார்கள், அதிலும் பிழைதான் பொருள். பொறை என்ற பழைய சொல் இதிலிருந்து வந்தது. திருக்குறளில் 'பொறையுடைமை' என்று தனி அதிகாரமே இருக்கிறது. கன்டோன் என்றால் பொறு. இலக்கணமும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். "மன்னிப்புக் கேக்கலைங்கப்பா. ஒம்பது நாள் குறையுது, அந்தக் குறையப் பொறுத்துக்குங்கனு கேக்கறோம். ஆளைப் பத்தி அதுல பேச்சே இல்ல." அப்பா, "அப்படீன்னா போடலாம்" என்று சொல்லிவிட்டு ஃபார்மை வாங்கினார்.

இப்போது கடைசி பெஞ்ச் பதிலுக்கு வருவோம். கன்டோன் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் 'டோனாரே' என்றால் கொடு. முன்னால் 'கான்' சேர்த்து 'கான்டோனாரே' என்றால் முழுக்க விட்டுக்கொடு, கடனையோ குற்றத்தையோ தள்ளிவிடு. டொனேஷன், டோனர், பார்டன் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். நம் ஊரில் புழங்குகிற தானம் என்ற வடமொழிச் சொல்லும் லத்தீன் 'டோனும்' என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ஆக, கண்டொனேஷனுக்குள் ஒரு டொனேஷன் நிஜமாகவே இருக்கிறது. கொடுப்பவர் நாமல்ல, காலேஜ் என்பதுதான் வித்தியாசம். ஃபீஸ் நாம் கட்டுகிறோமே என்றால், அது வேறு கணக்கு.

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் ரொம்பப் பழையதும் அல்ல. இங்கிலாந்தில் 1857ஆம் வருஷம் மணமுறிவுச் சட்டம் வந்தபோதுதான் இது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. கணவனோ மனைவியோ செய்த துரோகத்தை மற்றவர் தெரிந்தே பொறுத்துக்கொண்டு சேர்ந்து வாழ்ந்தால், அப்புறம் அதையே காரணம் காட்டி மணமுறிவு கேட்க முடியாது. அந்தப் பொறுத்துக்கொள்ளலுக்கு வைத்த பெயர்தான் கன்டொனேஷன். நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்காக 1869இல் வந்த மணமுறிவுச் சட்டத்திலும் இது இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவு ஒரு அருமையான விளக்கம் தருகிறது. இருவரும் மறுபடி சேர்ந்து வாழ்ந்தாலோ, தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தாலோ ஒழிய, பிழை பொறுக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. வாயால் 'சரி, போகட்டும்' என்றால் போதாது, நடந்து காட்ட வேண்டும். 1955ஆம் வருஷ இந்துத் திருமணச் சட்டம் 23ஆவது பிரிவிலும், கொடுமையைக் காரணம் காட்டி மனுப் போடுகிறவர் அந்தக் கொடுமையை எந்த வகையிலும் கன்டோன் செய்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. 1975இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இன்னொன்றும் சொன்னது. இப்படிப் பொறுத்துக்கொள்வது நிபந்தனையோடு கூடியது, மறுபடி தப்பு நடந்தால் பொறுத்த பழைய தப்பும் உயிர் பெற்று எழுந்துவிடும். ஹாஸ்டலில் ரூம்மேட்டோடு இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மணமுறிவு கோர்ட்டிலிருந்து மற்ற கோர்ட்டுகளுக்கும் சொல் பரவியது. அப்பீல் போட இத்தனை நாள் என்று காலவரையறை உண்டு. நாள் தாண்டிவிட்டால், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லித் தனியாக ஒரு மனுப் போட வேண்டும். அதைத்தான் வக்கீல்கள் 'கன்டொனேஷன் ஆஃப் டிலே பெட்டிஷன்' என்கிறார்கள். இதற்கு அடிப்படை 1963ஆம் வருஷக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. அந்தப் பிரிவில் கன்டோன் என்ற சொல்லே கிடையாது! போதுமான காரணம் இருந்ததாகக் கோர்ட் நம்பினால், நாள் கடந்த பிறகும் ஏற்கலாம் என்றுதான் இருக்கிறது. சொல்லை ஒட்டவைத்தது கோர்ட்டும் வக்கீல்களும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் மட்டும், 1976 திருத்தத்தில் சேர்த்த ஒரு விதியின் தலைப்பில் கன்டொனேஷன் வருகிறது.

'போதுமான காரணம்' என்பதைக் கோர்ட் எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் நமக்குக் கடிதம் எழுத உதவும். மூன்று வழக்கு சொல்கிறேன். 1987இல் ஒரு வழக்கு, காஷ்மீரில் நிலம் கையகப்படுத்தியது சம்பந்தமானது. அரசாங்கம் அப்பீல் போட்டதில் நாலே நாலு நாள் தாமதம். ஹைகோர்ட் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கச் சொன்னது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதியை விதண்டாவாதமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் கூடக் காரணம் கேட்கலாமே என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். அடுத்தது 1998, நம் தமிழ்நாட்டு வழக்கு. தாமதம் 883 நாள்! கீழ்க்கோர்ட் பொறுத்துக்கொண்டது, சென்னை உயர் நீதிமன்றம் முடியாது என்றது, உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் சொன்னதே சரி என்றது. மனுப் போட்டவர் வக்கீலை நம்பி இருந்துவிட்டார், வக்கீல் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது காரணம். எத்தனை நாள் என்பது முக்கியமில்லை, சொல்கிற காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் என்றார்கள். அப்படியானால் எவ்வளவு நாள் ஆனாலும் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2012இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்தது. ஃபைல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மெதுவாக நகர்ந்தது என்ற கதையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசாங்கத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது என்று தள்ளிவிட்டது.

883 கிடைத்தது, 427 கிடைக்கவில்லை. எண்ணில் சின்னது தோற்றது. அதனால் ஷார்ட்டேஜ் கடிதத்தில் 'ஐ பெக்', 'ஹம்பிள்', 'ஒபீடியன்ட்' என்று நாலு வரி கும்பிடு போடுவதைவிட, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன நடந்தது, அதற்கு என்ன அத்தாட்சி என்று ரெண்டு வரி எழுதுவது மேல். இது என் அபிப்பிராயம். சீனியர் அண்ணன்களுக்குப் பிடிக்காமல் போகலாம். காலேஜ் ஒன்றும் கோர்ட் இல்லைதான். கன்டோன் செய்யலாமா கூடாதா, எத்தனை சதவீதம் வரை என்பதெல்லாம் விதிப்படி நடக்கும், கடிதத்தின் அழகைப் பார்த்து அல்ல. இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறவர் கடிதத்தைப் படிக்கத்தான் செய்கிறார். நான் மேடத்தின் உதவியோடு எழுதியது ஆறு வரி. முக்கியமான வரி இது: 'ஐ ரிக்வெஸ்ட் தட் தி ஷார்ட்டேஜ் ஆஃப் நைன் டேஸ் பீ கன்டோன்டு.' அதாவது, ஒன்பது நாள் குறைவைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் 'மீ' இல்லை. கூடவே ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு நகல், அப்பா கையெழுத்து. ஹெச்.ஓ.டி. சார் படித்துவிட்டு, "கால் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஹால் டிக்கெட் வந்தது.

ஒன்று கவனியுங்கள். கன்டோன் ஆகிவிட்டது என்பதால் அந்த ஒன்பது நாளும் பிரசன்ட் ஆகிவிடாது. ரெஜிஸ்டரில் 'ஏ' என்பது 'ஏ' ஆகவே இருக்கிறது. குறை அழியவில்லை, குறை இருந்தும் வழி விடுகிறார்கள். இதே இடத்தில்தான் வேறு சில சொற்களோடு குழப்பம் வருகிறது. 'வெய்வ்' என்றால் தமக்குச் சேர வேண்டியதைத் தாமே விட்டுவிடுவது. ஃபீஸை வெய்வ் பண்ணுவார்கள், அப்சென்ஸை அல்ல. 'எக்ஸெம்ப்ட்' என்றால் அந்த விதியே உனக்கு இல்லை என்பது. இதில் ஆள்தான் ஆப்ஜெக்ட், பின்னால் 'ஃப்ரம்' வரும். 'பார்டன்' பெரிய இடத்துச் சொல், அரசியல் சட்டம் 72ஆவது பிரிவில் ஜனாதிபதிக்கும் 161ஆவது பிரிவில் கவர்னருக்கும் தண்டனையை மன்னிக்கக் கொடுத்திருக்கிற அதிகாரத்தில் வருவது அது. 'எக்ஸ்டெண்ட்' என்றால் கெடுவையே நீட்டுவது. கொரோனா சமயத்தில் 2020 மார்ச் 23இல் உச்ச நீதிமன்றம் தானாகவே ஒரு உத்தரவு போட்டு நாடு முழுக்கக் காலவரையறையை நீட்டியது. முடிவில் 15.3.2020 முதல் 28.2.2022 வரை உள்ள நாட்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று ஆனது. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தாமதம் என்ற ஒன்றே இல்லாமல் செய்துவிட்டார்கள். அது கன்டோன் அல்ல.

இன்னும் ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர்கள் கவனித்திருக்கலாம். அதில் கன்டோன் பெரும்பாலும் 'நாட்' கூடவேதான் வரும். 'வீ டு நாட் கன்டோன் வயலன்ஸ்' என்று தலைவர்கள் சொல்வார்கள். வன்முறையை நாங்கள் பொறுத்துப் போக மாட்டோம், கண்டும் காணாமல் விட மாட்டோம் என்று அர்த்தம். வெளிநாட்டில் 'அவர் இதை கன்டோன் செய்கிறார்' என்று எழுதினால் 'மறைமுகமாக ஆதரிக்கிறார்' என்கிற வாடை அடிக்கும். 'அவர் கம்பெனி லஞ்சத்தை கன்டோன் செய்கிறது' என்பது ஒரு குற்றச்சாட்டு. நம் நாட்டில் காலேஜ், கோர்ட், ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் 'கன்டோன் பண்ணுங்கள்' என்று கேட்கிறோம், அது இங்கே முழுக்கச் சரி. ஆனால் நாளைக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுதுகிறபோது 'ப்ளீஸ் கன்டோன் மை லேட் ரிப்ளை' என்று எழுதினால், படிக்கிறவன் ஒரு நிமிஷம் முழிப்பான். அங்கே 'எக்ஸ்க்யூஸ்' போதும், இல்லாவிட்டால் 'சாரி ஃபார் தி டிலே' என்று சாதாரணமாக எழுதிவிடலாம். பெரிய சொல் எப்போதும் பெரிய மரியாதை ஆகிவிடாது.

கடைசியாகச் சின்னப் பயிற்சி. கீழே உள்ளவற்றில் எதற்கு கன்டோன் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். அஞ்சு நாள் லேட்டாக ரெக்கார்டு நோட் கொடுக்கிறீர்கள், வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறீர்கள். பொருந்தும், டிலேதான் ஆப்ஜெக்ட். ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் போன நாலு நாள் ஷார்ட்டேஜில் வந்துவிட்டது. பொருந்தும், சர்டிபிகேட் நகலை இணையுங்கள். லேப்பில் மைக்ரோமீட்டர் கீழே விழுந்து உடைந்துவிட்டது, அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்கிறீர்கள். இது வெய்வ். நேற்று நண்பனைத் திட்டிவிட்டீர்கள், சமாதானம் ஆக வேண்டும். இங்கே ஆள்தான் முக்கியம், ஃபர்கிவ் போடுங்கள், இல்லாவிட்டால் டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த வாரம் அக்கா கல்யாணம், ரெண்டு நாள் வர முடியாது. நடக்காத குறையைப் பொறுக்க முடியாது, அதற்கு முன்கூட்டியே லீவ் லெட்டர்தான்.